மூன்றாம் ரீலில் வந்த தம்பி

நான் ஓய்வு பெற்ற அன்று தியேட்டரில் எனக்கு ஒரு மாலையும் ஒரு டம்ளர் காப்பியும் ஒரு கேள்வியும் கிடைத்தன. மாலையையும் காப்பியையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேள்விதான் இதை எழுத வைத்தது.

அந்த வாரம் எங்கள் தியேட்டரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் புதிதாகக் கலரில் எடுத்ததை ஓட்டிக்கொண்டிருந்தோம். படம் விட்டு வெளியே வந்த வயதானவர்கள் எல்லாரும் பேசிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "என்ன இருந்தாலும் பழையது மாதிரி வருமா?" இளைய ஆபரேட்டர்களுக்கு எரிச்சல். "அண்ணாச்சி, அந்தப் பழையதையும் நாங்க பாத்தாச்சு. அதுல அப்படி என்னதான் இருந்துச்சு? நீங்களாவது சொல்லுங்க" என்றார்கள்.

நான் காப்பியைக் குடித்தேன். சொல்லத் தெரியாமல் இல்லை. இந்த விஷயத்தில் என்னைவிடத் தகுதியானவன் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடையாது. அப்படி ஒரு பழைய படத்தில் எல்லாரும் கொண்டாடிய ஒரு ஆள் படத்திலேயே இல்லை. அவனை உள்ளே கொண்டுவந்தவன் நான். அதுவும் கவனக்குறைவால்.

ஊமைப்படக் காலம் அது. நான் வடசேரியில் ஒரு அரிசி மில்லில் எண்ணெய் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போகும் டென்ட் கொட்டகை ஒன்று அங்கே வந்து இறங்கியது. அவர்களுடைய இன்ஜின் மூன்று நாளாகக் கிளம்பவில்லை. நான் போய் அரை மணி நேரத்தில் கிளப்பிக் கொடுத்தேன். கொட்டகை முதலாளி பாக்கியநாதன் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. கொஞ்ச நாள் இன்ஜின், கொஞ்ச நாள் விளக்கு, அப்புறம் மெஷின் கைப்பிடி என்று ஒரே வருஷத்தில் என்னை ஆபரேட்டர் ஆக்கிவிட்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

அன்றைய மெஷினைக் கையால் சுற்ற வேண்டும். மெதுவாய்ச் சுற்றினால் கதாநாயகன் நோயாளி ஆகிவிடுவான். வேகமாய்ச் சுற்றினால் சாவு வீட்டிலும் துள்ளுவான். சுற்றுவதை நிறுத்தினாலோ, விளக்குச் சூட்டில் நாலு எண்ணுவதற்குள் பிலிம் பொசுங்கும். பொசுங்கிய இடத்தை வெட்டி, சிமெண்டு என்று நாங்கள் சொல்லும் பசை வைத்து ஒட்டுவோம். அந்தச் சிமெண்டு பழுத்த வாழைப்பழம் போல மணக்கும். மெஷின் ஒன்றுதான் என்பதால் ஒரு ரீல் முடிந்ததும் கொட்டகையில் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவோம். அந்த இடைவெளியில் கடலை விற்பார்கள்.

ரீல் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. தகர டப்பாவின் மூடியில் நம்பர் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. பிலிமின் தலைப்பை உருவி, விளக்குக்கு நேரே பிடித்து, அதிலிருக்கும் நம்பரையும் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், இதை நான் ஒரு நாள் செய்யவில்லை.

ஊமைப்படம் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். எங்கள் கொட்டகையில் அந்த வேலை உபதேசியாருக்கு. நெய்யூர்ப் பக்கத்துக்காரர். உண்மையிலேயே ஒரு கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருந்தவர்தான். பைபிளில் யோனா தீர்க்கதரிசியை விழுங்கிய மீனுக்கு ஒரு பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்து, அவை மூன்று நாள் பட்ட பாட்டை உருக்கமாகப் பிரசங்கம் செய்ததால் வேலை போயிற்று. சபையார் அழுதது உண்மை. வேலை போனதும் உண்மை.

ஆட்டம் தொடங்குமுன் அவர் கறுப்புக் கோட்டை இரண்டு முறை உதறிப் போட்டுக்கொள்வார். சுக்குக்காப்பியில் பாதியைக் குடித்து, மீதியைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துக்கொள்வார். குரலைப் பெரிதாக்கும் தகரக் குழலை எடுத்து அதற்குள் ஒரு முறை இருமுவார். படத்தை முன்கூட்டிப் பார்க்கச் சொன்னால் கோபம் வரும். "என்ன வரப்போவுதுன்னு எனக்கே தெரிஞ்சா பெறகு நான் எப்படி பதறுவேன்?" என்பார். அவர் பதறினால் கொட்டகை பதறும். அது மட்டும் நிச்சயம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து தொடர்படங்கள் வரும். குதிரைச் சவாரி, துப்பாக்கி, ரயில், கடத்தப்பட்ட பெண். கட்டுக்கு நாலு ரீல் என்று பல கட்டுகளாக வாரக்கணக்கில் ஓடும். அப்படி வந்த ஒன்றின் கதாநாயகனுக்கு உபதேசியார் 'தங்கராசு' என்று பேர் வைத்தார். நாயகி 'மேரிக்குட்டி'. அவர்களுடைய சொந்தப் பேர் என்னவென்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. மணவாளக்குறிச்சியில் முக்கால்வாசிக் கதையை ஓட்டியதும் வசூல் விழுந்தது, கருங்கலுக்குக் கிளம்பினோம். கிளம்பும் முன்பே மூடிகள் மாறிப்போயின.

எங்கள் சமையல்காரன் செல்லன் கடற்கரையில் மலிவாகக் கிடைத்த நெத்திலியை வாங்கிவிட்டான். காயப்போடப் பாய் இல்லை. வட்டமாய், பளபளப்பாய், விளிம்பு வைத்த ரீல் டப்பா மூடிகள் கண்ணில் பட்டன. கடைசிக் கட்டு இன்னும் ஓட்டாததால் யாரும் தேடமாட்டார்கள் என்று அதன் நாலு மூடிகளையும் எடுத்து வெயிலில் பரப்பிவிட்டான். சாயங்காலம் கழுவித் துடைத்து, எந்த டப்பாவில் எது பொருந்தியதோ அதில் போட்டு மூடினான். எல்லா மூடியும் எல்லா டப்பாவிலும் பொருந்தும்.

கருங்கலில் கதையை முதலிலிருந்து ஓட்டினோம். கடைசிக் கட்டு ஓடிய அன்று சந்தை நாள். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். முன்வரிசைத் தரையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் ஞானம்மா, காலிக் கடவப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆட்டம் விடமாட்டாள். முதல் ரீல் ஒழுங்காகப் போயிற்று. இரண்டு என்று எழுதியிருந்த மூடியைத் திறந்தபோது கருவாட்டு மணம் அடித்தது. கடற்கரையிலிருந்து வந்தோம், மணக்கத்தான் செய்யும் என்று நினைத்துத் தலைப்பைப் பார்க்காமல் மாட்டிவிட்டேன்.

சுற்றத் தொடங்கி ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அது மூன்றாம் ரீல். வில்லன் தங்கராசை மலையுச்சியிலிருந்து கடலில் தள்ளுகிறான். மேரிக்குட்டி பாறையில் பூ வைத்து அழுகிறாள். நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் தீ. எனக்கும் உபதேசியாருக்கும் நடுவே ஒரு மணி உண்டு. ஒரு தட்டு என்றால் தயார், இரண்டு என்றால் பிலிம் அறுந்துவிட்டது. கதையே அறுந்துவிட்டால் எத்தனை தட்டு என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவரோ ஒன்றும் தெரியாமல் தங்கராசுக்கு ஒரு முழு ஒப்பாரியைப் பாடி முடித்தார்.

விளக்குப் போட்டதும் ஓடினேன். "உபதேசியாரே, ரீல் மாறிப்போச்சு. இது மூணாவது. இனி ஓட்டப்போறதுதான் ரெண்டாவது."

அவர் என்னைத் திட்டவில்லை. "மிச்ச ரெண்டு ரீல்லயும் அவன் உயிரோட இருக்கானா?" என்றார்.

"இருக்கான்."

"நனைஞ்சிருக்கானா?"

"இப்ப வாறதுல காஞ்சிருக்கான். தொப்பிகூட இருக்கு. கடைசியில கடல்ல இருந்து நனைஞ்சு ஏறி வாறான்."

மீதிச் சுக்குக்காப்பியைக் குடித்தார். "அப்ப ரெண்டு பேரு. போ மக்கா, ஓட்டு."

விளக்கை அணைத்தோம். திரையில் தங்கராசு குதிரையில் வந்தான். செத்தவன் வருகிறானே என்று கொட்டகை மூச்சுவிடவில்லை. குழலுக்குள் ஒரு இருமல் கேட்டது. "தங்கராசு என்று நினைக்காதீர்கள்! இவன் அவனுக்க தம்பி, ஒரே பிரசவத்தில் பிறந்த பொன்ராசு! அண்ணன் செத்த செய்தி கேட்டு வருகிறான்!" ஞானம்மா வாய்விட்டு அழுதாள். பொன்ராசுவைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டார்கள், மேரிக்குட்டி அவிழ்த்துவிட்டாள். அதோடு நின்றாளா? கட்டிப்பிடித்துவிட்டாள். கொட்டகை திடுக்கிட்டது. உபதேசியார் அசரவில்லை. "நம்ம நாட்டில் கொழுந்தனைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவோம். அவர்கள் நாட்டில் இதுதான் கும்பிடு!" பிறகு அவன் குதிரையேறித் தனியே போகிறான். "அண்ணன் உயிரோடிருப்பதாகச் சேதி வந்துவிட்டது. தான் அங்கே நின்றால் அண்ணனுக்கு இடைஞ்சல் என்று ஒரு சொல் சொல்லாமல் போகிறான் பாருங்கள்!"

நாலாம் ரீலில் நனைந்த தங்கராசு வந்து வில்லனை அடித்துக் கல்யாணமும் செய்துகொண்டான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே போகும்போது எல்லார் வாயிலும் பொன்ராசுதான்.

ரீல்கள் என் பொறுப்பு. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே என்னை அனுப்பிவிடுவார். உபதேசியார் என் தோளைத் தட்டி, "தாணு, வாயைத் திறக்காத. நாளைக்கும் இப்படியே ஓட்டு" என்றார். அதற்குப் பிறகு போன ஊரிலெல்லாம் தவறாமல் தவறாகவே ஓட்டினேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் தங்கராசு தொடரின் இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாம் பாகம் வந்தது. நல்ல படங்கள்தான். பாலம் இடிந்தது, கப்பல் எரிந்தது. சனங்கள் பார்த்துவிட்டு, "முதல் படம் மாதிரி இல்லை" என்றார்கள். "பொன்ராசு இல்லியே!" பொன்ராசு நாளுக்கு நாள் வளர்ந்தான். அவன் குதிரை வெள்ளை என்றொரு கட்சி, கறுப்பு என்றொரு கட்சி. இடது கன்னத்தில் மச்சம் உண்டு என்று காப்பிக்கடையில் ஒருவர் சத்தியம் செய்தார். கருங்கலில் இரண்டு வீடுகளில் ஆண் பிள்ளைக்கு அந்தப் பேரே வைத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பிறகு பேசும் படம் வந்தது. முதலாளி பாக்கியநாதன் துணிந்து சவுண்டு மெஷின் வாங்கினார். அதே தங்கராசு கதையைப் புதிதாகப் பேச வைத்து எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதையே முதல் படமாகக் கருங்கலுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் நோட்டீசில் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்: 'தங்கராசும் தம்பி பொன்ராசும் வாய் திறந்து பேசுகிறார்கள்!'

அன்று காலையில் உபதேசியாரைக் கூப்பிட்டு ஒரு புதுக் கோடி வேட்டியைக் கையில் கொடுத்தார். "உபதேசியாரே, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. இனி படமே பேசும். நீரு என்னத்துக்கு?"

உபதேசியார் வீட்டில் மனைவியும் கல்யாணமாகாத மூன்று பெண்களும் இருந்தார்கள். வயது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். மறுபடி சபைக்கும் போக முடியாது. அவர் வேட்டியை வாங்கிக்கொண்டு, "நல்லது மொதலாளி" என்றார். குழலைத் துடைத்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அன்று ஒரு ரீலில் என் சோற்றைக் காப்பாற்றிய மனுஷன் அவர்.

மத்தியானம் படத்தைச் சோதனைக்கு ஓட்டினேன். பொன்ராசு இல்லை. இருக்கவும் வழியில்லை. இந்தப் படத்தில் கடலே கிடையாது, தங்கராசு நனையவேயில்லை. எந்த ரீலை எங்கே மாற்றினாலும் ஒரே ஆள்தான். போதாதற்கு எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள்.

நேராக முதலாளியிடம் போனேன். நெத்திலியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "பொன்ராசுன்னு ஒரு ஆளே இல்ல மொதலாளி. எனக்க தப்பை மறைக்க உபதேசியார் உண்டாக்கினது. அவரு இல்லாம இந்தப் படம் இஞ்ச ஓடாது. வேணும்னா என்னை வேலையை விட்டுப் பறஞ்சு விடுங்க, அவரை வேலையில வச்சுக்கிடுங்க."

முதலாளி பரிதாபமாகப் பார்த்தார். "ஏலே தாணு, அவரு மேல உனக்குப் பாசம் உண்டு, தெரியும். அதுக்காக இப்படி கள்ளம் பறையலாமா? நான் எனக்க கண்ணால பொன்ராசைப் பாத்தவன்லா!"

சாயங்கால ஆட்டத்துக்குக் கொட்டகை கொள்ளவில்லை. முதல் இரண்டு ரீல் வரை தங்கராசு பேசுவதை அதிசயமாகக் கேட்டார்கள். ஒரு எழுத்து விளங்கவில்லை, ஆனாலும் மரியாதையாகக் கேட்டார்கள். பாதிப் படத்தில், நாலாம் ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் ஞானம்மா எழுந்து நின்றாள். "பொன்ராசு எப்பம் வருவான்?"

பின்னால் பெஞ்சுகளைத் தட்டத் தொடங்கினார்கள். "நோட்டீசுல போட்டுருக்குல்லா! பொன்ராசு எங்க?" டென்ட் கயிற்றில் யாரோ கை வைத்தார்கள். முதலாளி முகம் வெளுத்து என்னைத் திரைக்கு முன்னால் தள்ளினார். "நீ எதையாவது சொல்லுடே!"

நான் உண்மையைச் சொன்னேன். மூடி, நெத்திலி, ரீல், எல்லாம். பொன்ராசு என்று ஒருவன் எந்தப் படத்திலும் இருந்ததில்லை, தங்கராசுதான் இரண்டு முறை வந்தான் என்றேன். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. சிரித்தார்கள்.

ஞானம்மா கையை ஓங்கினாள். "எட்டு வருசமா நீ எங்க நின்னே? மெசினுக்க பொறத்தால. நாங்க எங்க இருந்தோம்? முன்னால. பொன்ராசைப் பாத்தது நீயா நாங்களா? புதுப் படத்துல அவனை வெட்டி எடுத்துட்டு வந்து கதை பறையுதியா? உபதேசியாரைக் கூட்டிட்டு வா, அவரு சொல்லட்டும்!"

"உபதேசியாரைக் கூட்டிட்டு வா!" என்று கொட்டகை முழுவதும் கத்தியது. முதலாளி பாக்கியநாதன் செருப்புக்கூடப் போடாமல் சந்தை முக்குக்கு ஓடினார். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவரை, "இனி கொட்டகை இருக்குற வரைக்கும் நீரும் இருக்கணும்" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லி, பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு அழைத்து வந்தார்.

உபதேசியார் கோட்டை இரண்டு முறை உதறிப் போட்டார். முக்காலி வந்தது, சுக்குக்காப்பி வந்தது. என்னைப் பார்த்து, "தாணு, அந்தச் சத்தத்தை நிறுத்து" என்றார். அவ்வளவு செலவு செய்து வாங்கிய சவுண்டை முதல் நாளே அணைத்தேன். பேசும் படம் வாயை மட்டும் அசைத்தது. குழல் இருமியது.

"பொன்ராசு எங்கே என்று கேட்கிறீர்கள். அண்ணன் சந்தோஷமாக வாழ்கிற வீட்டுக்குள் அவன் நுழைவானா? அதோ, வலது பக்கம் அந்த மரம், அதற்குப் பின்னால் இருட்டாக இருக்கிறதல்லவா? அங்கே நிற்கிறான். அண்ணனுக்கு ஒன்று என்றால் வருவான். அசையவில்லை பாருங்கள், மூச்சுகூட விடவில்லை!"

கொட்டகை முழுவதும் வலது பக்கம் சாய்ந்து பார்த்தது. "ஆமா, தொப்பி தெரியுது" என்றார் ஒருவர். கதவு தானாகத் திறந்தால் அது பொன்ராசு திறந்தது. வில்லன் கால் தடுக்கி விழுந்தால் பொன்ராசு போட்ட கயிறு. கடைசியில் திரையில் கல்யாணம் நடக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே அவன் நின்று பார்த்துவிட்டுப் போனான். ஞானம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முதலாளியும் துடைத்தார்.

ஆட்டம் விட்டதும் வாசலில் நின்று உபதேசியாரும் நானும் சனங்களின் பேச்சைக் கேட்டோம். ஞானம்மா கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறபோக்கில் அவரிடம் சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துது உபதேசியாரே. ஆனாலும் பழைய பொன்ராசு மாதிரி வராது, கேட்டியளா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அதிலயும் அவன் இல்ல, இதிலயும் அவன் இல்ல. பெறகு பழையவன் எப்படி உசத்தி ஆவான்?" என்று உபதேசியாரிடம் கேட்டேன்.

அவர் குழலைக் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ சொன்னது சரிதான் மக்கா. இன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வந்தது நான். அன்னைக்கு அவன் வருவான்னு எனக்கே தெரியாதே."